கண்ணாடி மாளிகைக்குப் போன கோச்சி



கந்தூரிக்குச் சோறாக்கும் பெரிய கிடாரம் ஒன்றை உங்கள் குசினியில் வைத்து, அதில் தினமும் நாலு பேருக்கு மட்டும் சோறாக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? விறகும் வீண், தண்ணீரும் வீண். அதைத் தேய்த்துக் கழுவியே கை ஓய்ந்துவிடும். "இது நமக்குச் சரிவராது" என்று ஒரே வாரத்தில் அதைத் தூக்கி ஒரு மூலையில் கவிழ்த்து விடுவீர்கள். ஆனால் அந்த நாலு பேரின் பசி? அது மறுநாளும் நேரத்துக்கு வரத்தானே செய்யும்!

லண்டன் மாநகரின் தெற்கே, ஒரு குன்றின் மேல் இருந்து மறைந்துபோன ரயில் நிலையம் ஒன்றின் கதையைப் படித்தபோது எனக்கு இந்தக் கிடாரந்தான் நினைவுக்கு வந்தது. 'கிறிஸ்டல் பேலஸ் ஹை லெவல்' என்பது அந்த நிலையத்தின் பெயர். 1865ஆம் ஆண்டு திறக்கப்பட்டு 1954ஆம் ஆண்டு மூடப்பட்டது. எண்பத்தொன்பது ஆண்டு காலம் வாழ்ந்த அந்த நிலையம் திருவிழா நாளுக்கென்று கட்டப்பட்டது. ஆனால் அதன் வாழ்நாளில் பெரும்பகுதி சாதாரண நாட்களாகவே கழிந்தது. அந்தச் சாதாரண நாட்களில் அதை நம்பியிருந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் இம்மாதம் நாம் பார்க்கப் போகின்றோம்.

தோட்டக்காரர் கட்டிய மாளிகை

ரயில் நிலையத்தின் கதையைச் சொல்வதென்றால் முதலில் மாளிகையின் கதையைச் சொல்ல வேண்டும்.

1851ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் திகதி லண்டன் ஹைட் பார்க் பூங்காவில் உலகப் பெருங்கண்காட்சி ஆரம்பமானது. அதற்கான கட்டிடத்தை வரைந்தவர் ஜோசப் பாக்ஸ்டன். அவர் கட்டிடக் கலை பயின்றவரல்லர். ஒரு பிரபுவின் மாளிகையில் தோட்டங்களைப் பராமரித்து வந்தவர். குளிர் நாட்டில் வெப்ப நாட்டுச் செடிகளை வளர்ப்பதற்காக அவர் அமைத்த கண்ணாடிக் கூடங்களே இந்தக் கட்டிடத்துக்கு முன்மாதிரியாயின. இரும்புச் சட்டங்களும் கண்ணாடித் தகடுகளும் கொண்டு எழுந்த அந்தக் கட்டிடம் 1,848 அடி நீளமானது. மக்கள் அதை 'கிறிஸ்டல் பேலஸ்', அதாவது பளிங்கு மாளிகை என்று அழைத்தார்கள். ஆறு மாதத்துக்கும் குறைந்த காலத்தில் அறுபது இலட்சம் முறை மக்கள் அதன் வாயிலைக் கடந்து சென்றார்கள். உலகின் பல பாகங்களிலிருந்தும் பொருட்கள் வந்து குவிந்தன. நமது இலங்கையின் விளைபொருட்களும் அங்கே வைக்கப்பட்டிருந்தன.

கண்காட்சி அக்டோபர் மாதம் முடிந்தது. மாளிகையை என்ன செய்வது? அதைக் கழற்றியெடுத்து, தெற்கே சிடன்ஹாம் குன்றின் உச்சிக்குக் கொண்டு சென்று, முன்னையதைவிடப் பெரிதாக மீண்டும் கட்டினார்கள். 1854 ஜூன் 10ஆம் திகதி விக்டோரியா மகாராணி அதைத் திறந்து வைத்தார். சுற்றிலும் பூந்தோட்டங்கள், நீரூற்றுக்கள், உள்ளே சிலைகளும் இசை மண்டபமும். லண்டன்வாசிகள் குடும்பம் குடும்பமாக ஒரு நாளைக் கழிப்பதற்கென்றே இந்த ஏற்பாடு.

அதே நாளில் குன்றின் அடிவாரப் பக்கத்தில் ஒரு ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. இது பிற்காலத்தில் 'லோ லெவல்', அதாவது கீழ்மட்ட நிலையம் என்று பெயர் பெற்றது. ஆனால் அதில் ஒரு சிரமம் இருந்தது. ரயிலை விட்டு இறங்கியவர்கள் மாளிகையை அடைய மேட்டில் ஏற வேண்டும். 720 அடி நீளத்தில் கண்ணாடிக் கூரையிட்ட நடைபாதை ஒன்றை அமைத்துக் கொடுத்திருந்தார்கள் என்றாலும் ஏற்றம் ஏற்றந்தானே! கைக்குழந்தையோடும் சாப்பாட்டுக் கூடையோடும் வந்த தாய்மார்களுக்கு அந்த ஏற்றம் எப்படியிருந்திருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மேட்டுக்கு ஒரு பாதை

மாளிகையின் வாசலுக்கே ரயிலைக் கொண்டுபோய் நிறுத்தினால் கூட்டமும் வரும், வருமானமும் வரும் என்று போட்டிக் கம்பனியொன்று கணக்குப் போட்டது. அக்காலத்தில் இங்கிலாந்தில் ரயில் பாதைகள் அரசாங்கத்துக்குச் சொந்தமானவையல்ல. ஒவ்வொரு கம்பனியும் தன் பாட்டில் பாதை போட்டு, மற்றக் கம்பனியின் பிரயாணிகளைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்த காலம் அது.

நன்ஹெட் என்னும் பகுதியிலிருந்து பிரிந்து குன்றின் மேல் ஏறும் இப்புதிய பாதை 1865 ஓகஸ்ட் முதலாம் திகதி திறக்கப்பட்டது. பாதை போடுவது இலகுவாக இருக்கவில்லை. செங்குத்தான ஏற்றம். இரண்டு இடங்களில் குன்றைக் குடைந்து சுரங்கம் அமைக்க வேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்றுக்கு பாக்ஸ்டன் சுரங்கம் என்று பெயர். கண்ணாடி மாளிகையைக் கட்டிய அதே பாக்ஸ்டனின் பெயர்தான். ஆனால் அந்தப் பாதையில் ரயில் ஓடுவதைப் பார்க்க அவர் உயிரோடு இருக்கவில்லை. ரயில் வருவதற்கு எட்டு வாரங்களுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன்பாக, அவ்வாண்டு ஜூன் 8ஆம் திகதி, மாளிகைக்குப் பக்கத்திலிருந்த தமது வீட்டில் அவர் காலமாகிவிட்டார்.

நிலையத்தின் வரைபடத்தைத் தயாரித்தவர் எட்வர்ட் மிடில்டன் பெரி. பிரித்தானியப் பாராளுமன்றக் கட்டிடத்தை வடிவமைத்த சார்ள்ஸ் பெரியின் மகன். தகப்பனின் மறைவுக்குப் பின் அந்தப் பாராளுமன்ற வேலையைத் தொடர்ந்து முடித்தவரும் இவரே. அப்படிப்பட்டவர் ஒரு புறநகர் நிலையத்தை எப்படிக் கட்டியிருப்பார்! நான்கு மூலைகளிலும் நான்கு சதுரக் கோபுரங்கள். ரயில் மேடைகளுக்கு மேலே இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த விசாலமான கூரை. பெரும் சனக்கூட்டம் வந்து இறங்கினாலும் நெருக்கியடிக்காமல் வெளியேறுவதற்கு வசதிகள்.

எல்லாவற்றிலும் சிறப்பானது நிலத்துக்குக் கீழே இருந்தது. நிலையத்துக்கும் மாளிகைக்கும் இடையே ஒரு பெரிய வீதி ஓடியது. குதிரை வண்டிகளும் சேறும் நிறைந்த அந்த வீதியில் கால் வைக்காமலே மாளிகைக்குள் நுழைய, வீதிக்கு அடியில் ஒரு வழி அமைத்தார்கள். 1865 டிசெம்பரில் அது திறக்கப்பட்டது. வெறும் சுரங்கப் பாதை என்று எண்ணி விடாதீர்கள். எட்டுப் பட்டைத் தூண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தூணின் உச்சியிலிருந்தும் விசிறி விரித்தாற்போல் செங்கல் வளைவுகள் நாலாபுறமும் விரிந்து கூரையாகும். சிவப்புக் கல்லும் பாலேட்டு நிறக் கல்லும் மாறி மாறி வைத்துப் பாய் முடைந்தது போன்ற வேலைப்பாடு. தூர நாட்டுக் கைவினைஞர்களை வரவழைத்துக் கட்டிய வேலை என்று ஊர்மக்கள் பேசிக்கொள்ளும் அளவுக்கு அழகு!

ஆனால் ஒரு விஷயம். இந்த அழகிய வழி முதலாம் வகுப்புப் பிரயாணிகளுக்கு மட்டுமே உரியது. மூன்றாம் வகுப்பு ரிக்கற் வாங்கியவர்கள் மேலே போய், வீதியைக் கடந்துதான் போக வேண்டும். சகோதரிகளே, இந்தச் சின்ன விஷயத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் நாம் இதற்குத் திரும்பி வருவோம்.

பெருநாட்களும் வெறும் நாட்களும்

மாளிகையில் விசேஷம் என்றால் நிலையம் களைகட்டும். ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகப் பாடும் இசை விழாக்கள், வியாழக்கிழமை இரவுகளில் வாணவேடிக்கை, கண்காட்சிகள் என்று ஏதாவது ஒன்று நடந்து கொண்டேயிருந்தது. 1895 முதல் 1914 வரை இங்கிலாந்தின் பெயர்பெற்ற உதைபந்தாட்டக் கிண்ணத்தின் இறுதிப் போட்டிகள் மாளிகையின் பூங்காவில்தான் நடைபெற்றன. 1901ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டார்கள். அத்தனை பேரையும் கொண்டு வந்து கொட்டுவதற்கும், இரவில் வீடு சேர்ப்பதற்கும் மேல்மட்ட, கீழ்மட்ட நிலையங்கள் இரண்டும் சேர்ந்து பாடுபட்டன.

விசேஷம் முடிந்த மறுநாள்? அந்தப் பிரமாண்டமான கூரையின் கீழ் ஒரு சிலரே நின்றார்கள். லண்டனுக்கு வேலைக்குப் போகும் குமாஸ்தா, கடைச் சிப்பந்தி, பாடசாலைப் பிள்ளை, பட்டணத்தில் மகள் வீட்டுக்குப் போகும் தாய். பாதையோரத்தில் ஒனர் ஓக், லோர்ட்ஷிப் லேன் நிலையங்கள் 1865லேயே திறக்கப்பட்டன. அப்பர் சிடன்ஹாம் நிலையம் 1884ல் வந்தது. ஆனால் அப்பகுதிக் காணிகளில் பெரும்பாலானவை டல்விச் கல்லூரியின் பழம்பெரும் அறக்கட்டளைக்குச் சொந்தமாயிருந்தன. நெருக்கி வீடு கட்ட அவர்கள் இடங்கொடுக்கவில்லை. காடும் தோப்புமாகவே அந்தக் குன்றுச் சரிவுகள் இருந்து வந்தன. வீடுகள் இல்லாத இடத்தில் பிரயாணிகள் எங்கிருந்து வருவார்கள்?

அந்நாளைய தோற்றத்தை நாம் இன்றும் பார்க்கக்கூடியதாக ஓர் ஓவியம் இருக்கின்றது. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே யுத்தம் மூண்ட 1870ல், பிரெஞ்சு ஓவியர் கமீல் பிஸாரோ வீடு வாசலை விட்டுக் குடும்பத்தோடு லண்டனுக்கு ஓடி வந்தார். இந்தக் குன்றுப் பகுதியிலேதான் தங்கினார். 1871ல் ஒரு நடைபாலத்தின் மேல் நின்று லோர்ட்ஷிப் லேன் நிலையத்தை அவர் வரைந்தார். சாம்பல் நிற வானம், இருபுறமும் பச்சைப் புல் மேடு, தூரத்தில் புதிதாக எழும்பிய சில வீடுகள், நடுவே புகையைக் கக்கிக் கொண்டு நம்மை நோக்கி வரும் சிறிய ரயில். அவ்வளவுதான். அந்தப் படத்தில் மனிதர் ஒருவர் கூட இல்லை. பிற்காலத்தில் ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தபோது, பாதையோரத்தில் ஒரு மனிதனை முதலில் வரைந்து, பிறகு ஓவியரே அவனை வண்ணத்தால் மூடிவிட்டார் என்று தெரிய வந்தது. லண்டன் கோர்ட்டோல்ட் ஓவியக் கூடத்தில் இருக்கும் இப்படம் நீண்ட காலம் வேறொரு நிலையத்தின் படமென்றே தவறாகக் கருதப்பட்டு வந்தது. இருந்த காலத்திலேயே ஆளரவம் குறைந்திருந்த அந்த நிலையத்தை, மறைந்த பின் அடையாளம் காணவும் ஆளில்லாமற் போனது!

தேய்பிறை

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது மாளிகையின் மவுசு குறையத் தொடங்கியது. கண்ணாடி உடைந்தால் மாற்றக் காசில்லை, கடன் ஏறியது. 1911ல் மாளிகையை நடத்திய கம்பனி வங்குரோத்து நிலைக்கு வந்தது. பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1913ல் அது நாட்டுக்குரிய சொத்தாக்கப்பட்டது.

ரயில் பாதையும் அதனுடன் சேர்ந்து தேய்ந்தது. முதலாம் உலக யுத்த காலத்தில் சிக்கனம் கருதி 1917 தொடக்கம் 1919 வரை இப்பாதையில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. யாருக்கு எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு பட்டியல் எழுதினால் அதில் முதலில் வரும் பெயர்களில் இதுவும் ஒன்று என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனாலும் ஒரு முயற்சி நடந்தது. 1925 ஜூலையில் இப்பாதை மின்சார மயமாக்கப்பட்டது. புகை போயிற்று, வேகம் வந்தது, மேடைகள் துப்புரவாயின. லண்டனில் வேலைக்குப் போகும் பெண்களின் தொகை பெருகி வந்த காலமது. தட்டெழுத்தாளராகவும் தொலைபேசி இணைப்பாளராகவும் கடைகளில் விற்பனையாளராகவும் பெண்கள் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பினார்கள். இருந்தும் இந்த நிலையம் நிரம்பவில்லை. கீழ்மட்ட நிலையமும், சுற்றுப்புறத்திலிருந்த மற்ற நிலையங்களும், வீட்டு வாசலில் ஏற்றி இறக்கிய டிராம் வண்டிகளும் பஸ்களும் பிரயாணிகளைப் பங்கு போட்டுக் கொண்டன.

அந்த நவம்பர் இரவு

1936 நவம்பர் 30ஆம் திகதி மாலை ஏழு மணியளவில் மாளிகைக்குள் சிறிய தீயொன்று காணப்பட்டது. மாளிகை முகாமையாளர் தம் மகளோடு நடந்து வந்து கொண்டிருந்தபோது உள்ளே சிவந்த வெளிச்சத்தைக் கண்டார். அந்த மகளுக்கு மாளிகையின் நினைவாக 'கிறிஸ்டல்' என்றே பெயர் வைத்திருந்தார் அவர். எண்பது ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்த பலகைத் தளங்களில் தீ பற்றிக் கொண்டது. 89 தீயணைப்பு வண்டிகளும் 400க்கும் மேற்பட்ட வீரர்களும் வந்தும் பயனில்லை. உருகிய கண்ணாடி வழிந்தோடியது. எட்டு மாவட்டங்களுக்கு அப்பாலிருந்தும் தீச்சுவாலை தெரிந்ததாம். நல்லவேளையாக உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. தீ எப்படி மூண்டது என்பது இன்றுவரை நிச்சயமாகத் தெரியவில்லை. காப்புறுதித் தொகையோ மீண்டும் கட்டுவதற்குக் கிட்டவும் வரவில்லை.

விடிந்தபோது மாளிகை இல்லை. வீதிக்கு இந்தப் பக்கம் நிலையம் மட்டும் நின்றது! மணவறை எரிந்து போன வீட்டில் விருந்தாளிகளுக்கென்று போட்ட பந்தல் மாத்திரம் மிஞ்சியது போல. 'கிறிஸ்டல் பேலஸ்' என்று பெயர்ப் பலகை தொங்கியது. ரயிலிலிருந்து இறங்கினால் பார்ப்பதற்குப் பேலஸ் இல்லை. இனி இந்த நிலையத்துக்கு வருபவர்கள் அங்கே வீடுள்ளவர்கள் மட்டுமே.

முதலாம் வகுப்பு வழியில் யார் வந்தார்கள்?

இனி நான் முன்பு சொன்ன விஷயத்துக்கு வருகின்றேன்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1940 செப்டெம்பர் முதல் 1941 மே வரை லண்டன் மீது ஜேர்மன் விமானங்கள் குண்டு பொழிந்தன. அப்போது வீதிக்கு அடியிலிருந்த அந்த அழகிய வழியை அபயக் குழியாக மாற்றினார்கள். அடுக்குக் கட்டில்கள் போடப்பட்டன. முதலுதவிக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. சங்கு ஊதியதும் அயல் வீடுகளிலிருந்து மக்கள் தலையணையும் போர்வையுமாக ஓடி வந்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள் சகோதரிகளே! சீமாட்டிகளின் பட்டு ஆடையில் சேறு படக்கூடாது என்பதற்காகக் கட்டப்பட்ட வழி. எழுபத்தைந்து வருடங்களுக்குப் பின், எந்த வகுப்பு ரிக்கற் என்று கேட்க ஆளில்லாத நேரத்தில், பிள்ளைகளை மார்போடு அணைத்துக் கொண்டு வந்த தாய்மாருக்கு அது அடைக்கலமாயிற்று. அந்த விசிறி வளைவுகளின் கீழ் எத்தனை பிள்ளைகள் பயந்து விழித்து, மீண்டும் உறங்கியிருப்பார்கள்! அந்த வழி கட்டப்பட்ட நாள் முதலாக அதற்குக் கிடைத்த உண்மையான வேலை இதுவென்றே எனக்குத் தோன்றுகின்றது.

கடைசி ரயில்

யுத்தத்தின் கடைசிப் பகுதியில், 1944 மே மாதம், பாதை மறுபடியும் மூடப்பட்டது. 1946 மார்ச்சில் திறந்தார்கள். ஆனால் நிலையத்தின் கோலம் கண்கொண்டு பார்க்கக் கூடியதாக இல்லை. பழுதடைந்த அந்தக் கூரையைச் சீர்திருத்தப் பெருந்தொகை வேண்டும். 1948 முதல் ரயில்வேக்கள் அரசுடைமையாகியிருந்தன. அரசாங்க ரயில்வே கணக்கைப் பார்த்தது. ஏற்றமான பாதை, இரண்டு சுரங்கங்கள், பிரமாண்டமான கட்டிடம், சில நூறு பிரயாணிகளுக்கு இத்தனையுமா? சற்றுத் தூரத்தில் கீழ்மட்ட நிலையம் இருக்கத்தானே செய்கின்றது? 1954 செப்டெம்பர் 20ஆம் திகதி முதல் பாதை நிரந்தரமாக மூடப்பட்டது.

அதற்கு முதல் நாள், ரயில் ஆர்வலர்கள் ஏற்பாடு செய்த விசேட நீராவி ரயிலொன்று அப்பாதையில் ஓடியது. மாளிகை குன்றின் மேல் திறக்கப்பட்டு நூறு ஆண்டுகள் பூர்த்தியானதைக் குறிக்கும் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்கள். மின்சாரம் வந்த பாதையில் கடைசி நாளில் மறுபடியும் புகை. அத்துடன் சரி.

நியாயமாகப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாதுதான். கிடாரத்தில் நாலு பேருக்கு எத்தனை நாள்தான் சோறாக்குவது? ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். கிடாரம் பெரிதென்றால் சின்னச் சட்டிக்கு மாற்றலாம். அடுப்பையே இடித்துவிட்டால்? அந்தப் பெரிய கட்டிடத்தின் பாரந்தான் கணக்கில் சுமையாக இருந்தது. அதை விட்டுவிட்டு ஒரு சிறு மேடையோடு பாதையை வைத்திருந்தால் பிற்காலத்துக்கு ஆகியிருக்கும். 1961ல் நிலையக் கட்டிடத்தை இடித்தார்கள். தண்டவாளம் கழற்றப்பட்டது. பாதையின் நிலத்தில் பல இடங்களில் வீடுகள் எழும்பின. இனி யாரும் மனம் மாறினாலும் அந்த ரயிலைத் திரும்ப ஓட விட இயலாது.

மனம் மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. தெற்கு லண்டனின் பிரயாணிகள் தொகை பின்னாளில் பெருகியபோது, 2010 மே மாதம் முதல் புதிய நகர ரயில் சேவையொன்று கீழ்மட்ட நிலையம் வரை நீடிக்கப்பட்டது. 1854ல் திறக்கப்பட்ட, ஏற்றத்துக்குக் கீழே இருந்த அந்த நிலையம் இன்றும் உயிரோடிருக்கின்றது. வாசலுக்கே கொண்டு போய் விட வந்த நிலையம் போய்விட்டது. மேட்டில் குடியிருப்பவர்கள் இன்றும் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள், அல்லது நடக்கிறார்கள்.

மூடிய சுரங்கமும் ஊர்க்கதையும்

மூடிய இடம் என்றால் கதை பிறக்காமல் இருக்குமா? குன்றுக்குள் ஒரு ரயில் புதைந்து கிடக்கின்றது, அதில் எலும்புக் கூடுகள் இருக்கையில் அமர்ந்தபடி இருக்கின்றன என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பேசி வந்திருக்கின்றார்கள். இதற்கு ஓர் ஆதாரமும் இல்லை. நமது பாதையின் சுரங்கங்களிலோ 1954 வரை ரயில்கள் ஓடின. ஆனால் 1864ல் மாளிகைப் பூங்காவுக்குள் ஒரு புதுமையான பரீட்சார்த்த ரயில் சில வாரங்கள் ஓடியது உண்மை. செங்கல் குழாய்க்குள் ஒற்றைப் பெட்டியை வைத்து, 22 அடி விட்டமுள்ள பெரும் விசிறியால் காற்றை ஊதித் தள்ளி அதை ஓட்டினார்கள். அந்த ஆண்டே அது நின்று போனது. கதை முளைத்தது அங்கிருந்தாக இருக்கலாம். பிள்ளைகள் பயந்தால் இந்த விளக்கத்தைச் சொல்லுங்கள்!

உண்மையில் சுரங்கத்துக்குள் குடியிருப்பவை வேறு. பாதை போன இடத்தில் பெரும்பகுதி இன்று சிடன்ஹாம் ஹில் காடு. 1980களின் ஆரம்பத்திலிருந்து லண்டன் வனசீவராசி அமைப்பொன்று அதைப் பாதுகாத்து வருகின்றது. தண்டவாளம் கிடந்த தடத்தில் இன்று நடைபாதை. அடைபட்ட சுரங்கத்துக்குள் குளிர்காலத்தில் வௌவால்கள் தொங்கியபடி உறங்குகின்றன. பிஸாரோ நின்று வரைந்த இடத்தில் இன்றும் ஒரு நடைபாலம் உண்டு. ஆனால் அங்கிருந்து பார்த்தால் ரயிலும் தெரியாது, நிலையமும் தெரியாது. மரங்கள்தான்.

எஞ்சியது எது?

கண்ணாடி மாளிகை போயிற்று. நான்கு கோபுர நிலையம் போயிற்று. வீதிக்கு அடியிலிருந்த அந்த வழி மட்டும் எஞ்சியது. 1972ல் அது பாதுகாக்கப்பட்ட கட்டிடமாகப் பதிவு செய்யப்பட்டது. ஆனாலும் நெடுங்காலம் பூட்டியே கிடந்தது. மழைநீர் கசிந்தது, கற்கள் உதிர்ந்தன. அதை மறக்காதவர்கள் அயலிலிருந்த சாதாரண மக்கள். நண்பர் குழுவொன்றை அமைத்து, ஆண்டுக்குச் சில நாட்களாவது திறந்து காட்டி, அதிகாரிகளின் கதவைத் தட்டிக் கொண்டேயிருந்தார்கள். 2018ல் அதன் பாதுகாப்புத் தரம் உயர்த்தப்பட்டது. திருத்த வேலைகள் நடந்து, முன்றிலுக்கு இரும்பும் கண்ணாடியுமான புதிய கூரை போடப்பட்டு, 2024ல் அது மீண்டும் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. இப்போது அதற்குள் போக முதலாம் வகுப்பு ரிக்கற் தேவையில்லை!

சகோதரிகளே, இந்தக் கதையில் என் மனதைத் தொட்டது இதுதான். பெருநாளுக்கென்று நாம் செய்யும் ஏற்பாடுகளுக்கு அளவில்லை. ஆனால் ஒரு வீடாகட்டும் ஊராகட்டும், அதன் வாழ்க்கையில் பெரும்பகுதி வெறும் நாட்கள்தான். அந்த வெறும் நாட்களில் காலையில் ஒரு பெண் கைப்பையோடு மேடையில் நின்றாள், ஒரு பிள்ளை புத்தகப் பையோடு நின்றது. திருவிழாக் கூட்டத்தின் தொகை ஏடுகளில் இருக்கின்றது. இவர்களின் தொகையை "கொஞ்சப் பேர்" என்று எழுதி மூடிவிட்டார்கள்.

உங்கள் ஊரில் ஒரு ரயில் நிலையத்தையோ, தபாற் கந்தோரையோ, மருந்தகத்தையோ, வாசிகசாலையையோ "யாரும் வருவதில்லை" என்று மூடப் பேச்சு வந்தால், ஒரு கேள்வியைக் கேட்டு விடுங்கள். யாரும் வருவதில்லையா, அல்லது கொஞ்சப் பேர் வருகின்றார்களா? கொஞ்சப் பேர் என்றால் அவர்கள் யார்? வயது போன உம்மாவா, வேலைக்குப் போகும் மகளா, கைப்பிள்ளைக்காரியா? கிடாரம் பெரிதென்றால் சட்டியை மாற்றச் சொல்லுங்கள். அடுப்பை இடிக்க விட்டு விடாதீர்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.